டொறத்தி மிஸ்ஸும் இரண்டு துடுப்பு மெஷினும்

மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் "சர்வதேசப் படகோட்ட வீராங்கனை, வெண்கலப் பதக்கம் வென்றவர்" என்று சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். பார்க்கிறவர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வார்கள். விஷயம் வேறு. அயல்நாடுகளை அழைத்து நடத்திய அந்தப் போட்டியில் எங்கள் பிரிவில் மூன்று படகுகள்தான் ஓடின. நாங்கள் மூன்றாவதாக வந்தோம். நான்காவது நாட்டுக்கு விசா கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எங்கள் மாதா கோயில் வாசலில் என் படம் போட்ட அந்தப் பெரிய பதாகை தொங்கியிருக்காது. சுவாமியார் பூசைக்குப் பிறகு என்னை எழும்பி நிற்கச் சொல்லியிருக்கவும் மாட்டார்.

கற்பிட்டிக் கரையில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்கிற உப்பங்கழியுமாக இருக்கிற மீன்பிடிக் கிராமம் எங்களுடையது. அப்பா சவிரிமுத்து கடல் தொழில் செய்தவர். நான் உயர்தரம் படிக்கக் கொழும்புக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தில் படகோட்டக் குழு ஒன்று இருந்தது. பயிற்சியாளர் சிங்களவர். வரிசையில் நின்ற பிள்ளைகளில் என் உயரத்தைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"நங்கி, தங்கச்சி, எந்த ஊர்?"

"கற்பிட்டி, சேர்."

"அப்பா என்ன செய்யிறார்?"

"மீன்பிடி."

புதையல் கிடைத்தவர்போல் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப உங்களுக்குப் படகைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை" என்றார். பெரியவர் ஒருவர் அவ்வளவு சந்தோஷப்படும்போது அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். கரைக்கு வந்த வள்ளத்திலிருந்து மீன் தரம் பிரித்திருக்கிறேன். கவிழ்த்து வைத்த வள்ளத்தின்மேல் பாவாடை காயப்போட்டிருக்கிறேன். ஏறி உட்கார்ந்ததில்லை. வாழ்க்கையில் முதல்முதலாகப் படகில் கால் வைத்தது கொழும்பில், பேரே வாவியில். முருங்கைக்காய் மாதிரி மெலிந்த, நீளமான படகு அது. உட்காருவதற்கு முன்பே மறுபக்கமாக விழுந்துவிட்டேன். வாவித் தண்ணீர் என்ன ருசி என்று கேட்காதீர்கள்.

பயிற்சியாளர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "இவள் பெரிய கடலுக்குப் பழகினவள். இந்தச் சின்னத் தண்ணி இவளுக்குச் சரிவரவில்லை" என்று மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்திலேயே ஒரு மாதம் ஓட்டினேன். அதற்குள் விழாமல் இருக்கப் படித்துவிட்டேன்.

துடுப்பு தண்ணீருக்குள் சிக்கி வெளியே வராமல் நின்றுவிட்டால் படகோட்டிகள் அதற்கு "நண்டு பிடித்தது" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துடுப்பின் கைப்பிடி திரும்பி வந்து நெஞ்சில் அடிக்கும். ஒரு நாள் அப்படி நல்ல அடி வாங்கிவிட்டு, இரவு சித்தியின் போனில் அப்பாவிடம் அழுதேன். "அப்பா, இண்டைக்கு மூண்டு தரம் நண்டு பிடிச்சிட்டன்."

"மூண்டு தரமா?" என்றார் அப்பா. "அங்க கிலோ என்ன விலை போகுது?"

பிறகு உயர்ந்தேன், அகன்றேன், தேசிய அணிக்கும் தெரிவானேன். தெரிவானதற்கு என் திறமையோடு, அந்த இடத்துக்கு இருந்த மற்றப் பிள்ளைக்குக் கலியாணம் நிச்சயமானதும் ஒரு காரணம். வெண்கலம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் முதுகெலும்புத் தட்டு ஒன்று விலகியது. சிலாபம் ஆஸ்பத்திரியில் டொக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, கனநேரம் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்றார். இந்த மூன்றையும் நாள்முழுக்கச் செய்கிற ஒரு உத்தியோகம் அடுத்த வருடமே எனக்குக் கிடைத்தது. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர்.

விளையாட்டு உத்தியோகத்தர் என்றால் விளையாட்டோடு சம்பந்தப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் கந்தோருக்குப் போனேன். வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தேன், கழுத்தில் விசில். பக்கத்து மேசையில் நஜாத் நானா, நஜாத் அண்ணன், இருந்தார். அபிவிருத்தி உத்தியோகத்தர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சிரிக்காமல் சிரிப்புக் காட்டுகிற மனிதர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டொறத்தி மிஸ்ஸுக்குக் கதிர அடுக்கத் தெரியுமா?" என்று கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

பகிடி இல்லை. சித்திரை விளையாட்டு விழாவுக்குக் கதிரை. கரப்பந்தாட்டப் போட்டிக்குக் கதிரை. பிரதம அதிதி உட்காரச் சாய்மனைக் கதிரை, அதற்குமேல் விரிக்க வெள்ளைத் துணி. பிரதம அதிதி வராவிட்டால் அந்தக் கதிரையில் இருத்த இரண்டாவது அதிதி. வெற்றிக் கிண்ணங்களை உயர வரிசையில் வைப்பது, ஒலிபெருக்கிக்காரருக்குத் தேத்தண்ணி கொடுப்பது, தேசியகீதம் பாதியில் நின்றால் தொடர்ந்து பாடுவது. பத்து வருடம் இதைத்தான் செய்தேன். எந்த அதிதிக்கு மாலை பிடிக்கும், எவருக்கு வெற்றிலைதான் வேண்டும், எவருடைய பெயரை எவருக்கு முன்னால் சொல்லக்கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. துடுப்பைத் தொட்டே பல வருடம்.

அப்பா ஊரில் கேட்கிறவர்களுக்கு, "மகள் கவுண்மேந்தில கதிரை டிப்பாட்மேந்து" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் மாவட்டத்துக்கும் படகோட்டச் சங்கம் ஒன்று வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. மாவட்டத்தில் படகோட்டம் தெரிந்தவர் யார் என்று தேடினார்கள். நான் ஒருத்திதான் இருந்தேன். போட்டியின்றிச் செயலாளராகத் தெரிவானேன். என் வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த ஒரே இடம் அது.

தலைவராக வந்தவர் ஹிஷாம் ஹாஜியார். இறால் பண்ணையும், காற்றாடி கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு ஹோட்டலும் வைத்திருந்தார். நல்ல மனிதர், கை தாராளம். ஆனால் முதல் கூட்டத்தில், "எஞ்சின் எத்தின குதிர வலுவில போடுவம்?" என்று கேட்டார். எஞ்சின் கிடையாது, ஆட்கள்தான் துடுப்பு வலிக்க வேண்டும் என்றேன். அவர் சொன்னார்: "அதத்தானே மிஸ் எங்கட பாட்டன்மார் செஞ்ச. நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு எஞ்சின் வாங்கின."

எப்படியோ சங்கம் நடந்தது. தேசியச் சங்கத்தார் பழைய நால்வர் படகு ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மீற்றருக்கும் அதிக நீளம். அதைத் தேங்காய் ஏற்றுகிற லொறி ஒன்றில் கட்டி, பின்னால் சிவப்புத் துணி தொங்கவிட்டுக் கொண்டுவந்தோம். சாரதிக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். மதுரங்குளியில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது லொறியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அதை மின்சாரக் கம்பம் என்றார். இன்னொருவர் ரொக்கெட்டோ என்று கேட்டார். வயதான ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மீன் எங்க போடுற?" என்றார். நான் வெளியே இறங்கி, சக்கரத்தில் உருளும் இருக்கையைக் காட்டி, படகோட்டத்தின் சிறப்புகளைப் பற்றி ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் அந்த முதியவர், "சரி மகள். மீன் எங்க போடுற?" என்று திரும்பவும் கேட்டார்.

தொடக்க விழாவைக் களப்புக் கரையில் வைத்தேன். இடம் தெரிவு செய்தது நானே. அங்கே மேடை போட நல்ல சமதரை இருந்தது. வாகனம் நிறுத்தலாம். தென்னை நிழலில் நானூறு கதிரை போடலாம். பத்து வருட அனுபவத்தில் நான் பார்த்ததெல்லாம் தரையைத்தான். தண்ணீரைப் பார்க்கவில்லை.

நானும் மூன்று வலைப்பந்தாட்டக்காரிகளும் படகில் ஏறினோம். அவர்களுக்கு ஒரு கிழமை, ஏழு நாள்தான் பயிற்சி. ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது. வெண்கலப் பதக்கத்தைச் சொன்னது. நாலைந்து இழுவையில் நல்ல வேகம் வந்தது. கரையில் கைதட்டினார்கள். பிறகு அடியில் ஏதோ உரசியது. இந்தப் படகுகள் நேராக ஓடுவதற்காக அடியில் சிறு தகடு ஒன்று இருக்கும். அது சேற்றில் குத்தி நின்றது. படகு நின்றது, நாங்கள் நிற்கவில்லை. நான்கு பேரும் ஒரே பக்கமாகச் சரிந்து விழுந்தோம்.

மூழ்குவதற்குக்கூட அங்கே ஆழம் இல்லை. எழுந்து நின்றபோது தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றது. உடம்பு முழுக்கச் சேறும் பாசியும். பிரதம அதிதி தன் வெள்ளைத் துணி விரித்த கதிரையில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிக்காரர் என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் என் பதக்கத்தைச் சொன்னார்.

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். படகைத் தள்ளிப் பார்த்தார். அடியில் கையளவு வெடிப்பு. "உனக்கு ஒண்டுமில்லையே மகள்?" என்றார்.

"இல்லையப்பா."

"அப்ப நான் சிரிக்கட்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்ததும் கரை முழுக்கச் சிரித்தது. எனக்கும் வந்துவிட்டது. வலைப்பந்தாட்டக்காரிகளில் ஒருத்தி மட்டும் அழுதாள். அவள் அன்றைக்குப் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தாள்.

வெடித்த படகு கந்தோருக்குப் பின்னால் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கிடந்தது. யாரோ அதில் மிளகாய் காயப்போட்டார்கள். நான் விட்ட இடத்தில் மறுபடியும் கதிரை அடுக்கத் தொடங்கினேன்.

ஒரு மாதம் கழித்து றைஸா டீச்சர் கந்தோருக்கு வந்தார். பக்கத்து முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் உடற்கல்வி படிப்பிப்பவர். மெலிந்த உருவம், நேராகப் பேசுகிறவர். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"மிஸ், எங்கட பிள்ளைகளுக்கு என்னமும் ஒரு ஸ்போர்ட் வேணும். வெளி மைதானத்துல விட வாப்பாமார் விருப்பமில்ல. ஸ்கூல்ல ஹோல் ஒண்டு ஈக்கி. அதுக்குள்ள கரம் போட் விளையாடி விளையாடி பிள்ளைகளுக்குச் சலிச்சுப் போச்சு."

"படகோட்டம் செய்யலாமே" என்றேன். வாய் பழக்கம்.

"களப்புலயா?"

"ஓம்."

"நீங்க போன மாசம் நிண்ட மாதிரியா?"

நஜாத் நானா பக்கத்து மேசையில் இருமினார். அப்போதுதான் துடுப்பு மெஷின் நினைவுக்கு வந்தது. கொழும்பில் மழைக்காலத்தில் வாவிக்குப் போகமுடியாத நாட்களில் அதில்தான் எங்களை வலிக்க விடுவார்கள். நிலத்தில் நிற்கும். இருக்கை முன்னும் பின்னும் உருளும். கைப்பிடியைச் சங்கிலியோடு இழுக்க வேண்டும். தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை, பார்க்கிறதற்கு ஒரு கொக்குகூட இல்லை. உலகத்தில் எனக்கு மிகப் பிடிக்காத சாமான் அதுதான். இரண்டு தரம் அதன் பக்கத்திலேயே வயிறு புரட்டிச் சத்தி எடுத்திருக்கிறேன்.

"டீச்சர், ஹோலுக்குள்ள வச்சு வலிக்கிற மெஷின் ஒண்டு இருக்கு. கதவைப் பூட்டிப்போட்டுச் செய்யலாம். அதுக்குக் கொழும்பில வருசா வருசம் போட்டியும் இருக்கு."

"அது நல்லமா?"

"மெத்த நல்லம்" என்றேன்.

தேசியச் சங்கத்தாரிடம் கேட்டேன். வெடித்த படகுக்காக என்னைத் திட்டப்போகிறார்கள் என்று பயந்துகொண்டு கேட்டேன். அவர்களோ அந்தப் பழைய படகை எங்கள் தலையில் கட்டியதற்காகத்தான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார்கள் போலும். பழைய மெஷின்கள் இரண்டை உடனே அனுப்பினார்கள். சங்கத் தலைவரின் விலாசத்துக்கு அனுப்பினார்கள். லொறி நேரே ஹிஷாம் ஹாஜியாரின் ஹோட்டலில் போய் இறக்கியது.

நான் போனபோது மெஷின் இரண்டும் கடலைப் பார்த்தபடி, ஓலைக் கூரைக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் துவாய் மடித்து வைத்திருந்தது. ஹாஜியார் பெரிய சந்தோஷத்தில் இருந்தார். "வாங்க மிஸ். பாருங்க, எவ்வளவு வடிவா ஈக்கி. இங்கயே பத்திரமா ஈக்கட்டும். ஸ்கூல்ல போட்டா தூசி புடிக்கும்."

இது பிள்ளைகளுக்காக வந்த சாமான், ஒப்படைக்கத்தான் வேண்டும் என்று சொல்ல வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். சொல்ல வாயைத் திறந்த நேரம் ஒரு வெள்ளைக்காரர் வந்து மெஷினில் ஏறினார். முதுகைக் கூனிக்கொண்டு கைகளால் மட்டும் இழுத்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கால் முதலில், பிறகு முதுகு, பிறகு கை என்று காட்டிக் கொடுத்தேன். அவர் தன் மனைவியைக் கூப்பிட்டார். மனைவி இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். அன்றைக்கு மத்தியானம் வரை அந்த ஹோட்டலின் விருந்தாளிகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்தேன். ஹாஜியார் எனக்கு இறால் பொரியலோடு சாப்பாடு போட்டு அனுப்பினார். மெஷின் வரவில்லை.

நஜாத் நானா நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க மெஷின் எடுக்கப் போனீங்களா மிஸ், இல்லாட்டி வெள்ளக்காரனுக்கு டியூஷன் குடுக்கப் போனீங்களா?" என்றார்.

"கேட்க வெட்கமாக் கிடந்துது நானா. நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான். அவர்ட கையில இருந்து ஒண்ட எடுக்க ஏலா. அவரா குடுத்தாத்தான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு முழுக்க அது மண்டைக்குள் ஓடியது. கொடுக்க எல்லாருக்கும் விருப்பம். ஆட்களை மேடையில் வைத்துக் கொடுக்க வைப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்தமாதிரி இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. முதுகு போனபிறகு நான் படித்த ஒரே வித்தை அது.

அடுத்த கிழமை "துடுப்பு மெஷின்களைக் கையளிக்கும் வைபவம்" என்று பதாகை அடித்தேன். பிரதம அதிதி ஹிஷாம் ஹாஜியார். பாடசாலை வாசலில் இருந்து ஹோல் வரை பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சாய்மனைக் கதிரை, வெள்ளைத் துணி, பொன்னாடை. அவருக்கு மாலை பிடிக்காது, தொப்பி கலையும் என்று எனக்குத் தெரியும், ஆகவே பூங்கொத்து. வரவேற்புரையை நானே எழுதினேன். அதில் அவரை "விளையாட்டுத்துறையின் விடிவெள்ளி" என்று எழுதியதற்காக இன்றைக்கும் றைஸா டீச்சர் என்னைச் சும்மா விடுவதில்லை. ஹாஜியார் மேடையில் கண்ணைத் துடைத்தார். மெஷின்கள் அவருடைய சொந்த லொறியிலேயே வந்து இறங்கின. போகும்போது ஹோலில் வெக்கை அதிகம் என்று சொல்லி, நின்று சுழலும் காற்றாடி இரண்டும் அனுப்பி வைத்தார். பிறகு ஹோட்டலுக்கு மெஷின் ஒன்று தனியாக வாங்கியும் போட்டார்.

பிள்ளைகள் முதல் நாளில் மெஷினைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஏறி வலித்தார்கள். சிலர் மயங்கப் பார்த்தார்கள், ஒருத்தி சத்தி எடுத்தாள். அவளுடைய பெயர் ஹப்ஸா. வாயைக் கழுவிக்கொண்டு வந்து, "மிஸ், மத்தவங்க முடிச்சா எனக்கு இன்னொருக்கா தாறீங்களா?" என்று கேட்டாள். இந்த விளையாட்டில் நான் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு கேள்வி என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஹப்ஸா குட்டைப் பிள்ளை. படகோட்டத்துக்கு உயரம் வேண்டும் என்று நான் றைஸா டீச்சருக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன். கையின் நீளம், காலின் நீளம், நெம்புகோல் தத்துவம் எல்லாம் சொன்னேன். அந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் ஹப்ஸா என் தத்துவத்தில் தேறிய உயரமான பிள்ளைகள் எல்லாரையும் வென்றுவிட்டாள்.

கொழும்புப் போட்டிக்கு ஆறு பிள்ளைகளையும் அவர்களுடைய உம்மாமாரில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை வான் வண்டியில் போனோம். பெரிய மண்டபம். வரிசையாக மெஷின்கள். முன்னால் திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் படகு ஓடும். மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் இறுக்கமான உடுப்பில் வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் நீளக்கை, நீளக் காற்சட்டை, ஊசி குத்திய பர்தா. அதற்கு யாராவது ஆட்சேபம் சொன்னால் என்ன பேசுவதென்று வழி முழுக்கச் சட்டம் பேசிப் பழகிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற உத்தியோகத்தர் எங்களைப் பார்த்து, "தண்ணிப் போத்தல் அந்தப் பக்கம்" என்றார். அவ்வளவுதான். தயாரித்த வாதம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஹப்ஸாவுக்கு என் அனுபவம் அனைத்தையும் பிழிந்து ஒரு ஆலோசனை சொன்னேன். "முதல் பாதியில அடக்கி வலிங்க. கடைசியிலதான் விடவேணும்." அவள் தலையாட்டினாள். விசில் அடித்ததும் வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவள்போல வலித்தாள். திரையில் அவளுடைய படகு எல்லாருக்கும் முன்னால் போனது. இந்த வேகத்தில் போனால் பாதியில் விழுந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி விழுந்திருக்கிறேன். பார்வையாளர் பக்கத்தில் இருந்து எழும்பி, "விடு, விடு, வேகத்தை விடு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் இன்னும் வேகமாக வலித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். றைஸா டீச்சர் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தபோது போட்டி முடிந்திருந்தது. ஹப்ஸா இரண்டாவது. முப்பது பேருக்குமேல் வலித்த போட்டியில் இரண்டாவது.

அவள் மூச்சு வாங்கி முடியும்வரை பக்கத்தில் குந்தியிருந்தேன். பிறகு கேட்டேன், "நான் சொன்னது கேக்கேல்லையா?"

"கேட்டிச்சு மிஸ். அதாலதானே கடைசில சரிஞ்சு போகாம புடிச்சேன். ‘விடாத, விடாத’ எண்டு கத்தினீங்கதானே."

நான் ஓம் என்றேன்.

பதக்கத்தோடு ஊருக்கு வந்தபிறகு ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஹப்ஸாவின் தாய் றஹ்மத் உம்மா ஹோல் வாசலில் வந்து நின்றார். பருத்த உடம்பு, கறுப்பு அபாயா, கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. கொழும்புக்கு அவர் வந்திருக்கவில்லை. பிள்ளையை இனி அனுப்பமாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதிரை போட்டேன். பெண்பிள்ளைகளும் விளையாட்டும் என்ற தலைப்பில் பேசத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி மகள்" என்றார். "எனக்குச் சீனி வருத்தம், ரத்தத்துல சீனி கூட. டொக்டர் தெனமும் நடக்கச் சொல்றாரு. ரோட்டுல நான் எப்புடி நடக்குற? எல்லாரும் எங்க போறீங்க எண்டு கேப்பாங்க. இந்தச் சாமான்ல நான் ஏறினா ஒடையுமா?"

உடையாது என்றேன். ஹப்ஸா தாயின் காலைப் பட்டியில் வைத்துக் கட்டினாள். றஹ்மத் உம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சுவரைப் பார்த்தார்.

"இது எங்க போகும்?"

"எங்கயும் போகாது உம்மா. நிண்ட இடத்திலதான்."

"அப்ப நல்லம்" என்றார். "தூரத்துக்குப் போனா வீட்டுல கேப்பாங்க."

மெதுவாக இழுத்தார். இருக்கை பின்னால் உருண்டதும் பயந்து கலிமா சொன்னார். மூன்றாவது இழுவையில் பயம் போய்விட்டது. பத்து நிமிடத்தில் முகம் சிவந்து வியர்த்து, "பொறுங்கொ, பொறுங்கொ, இன்னும் கொஞ்சம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று பார்த்தால், அவர் தன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பெட்டியில் எனக்கென்று வட்டிலப்பம் இருந்தது. சீனி வருத்தம் உள்ள ஒரு வீட்டில் அவ்வளவு இனிப்பாக வட்டிலப்பம் செய்திருந்தார்கள், முழுக்கச் சாப்பிட்டேன்.

அடுத்த வியாழன் அவர் தன் மச்சியைக் கூட்டிவந்தார். அதற்கடுத்த வியாழன் மச்சியின் சம்பந்தி. பிறகு எங்கள் ஊரிலிருந்து கத்தரினாக்காவும் அவருடைய தங்கையும் கேள்விப்பட்டு வந்தார்கள். இரண்டு மெஷின் போதாமல், ஒருவர் வலிக்க மற்றவர்கள் வாங்குப் பலகையில் இருந்து கதைப்பார்கள். யாருடைய வீட்டில் கலியாணம், யாருடைய மருமகன் கட்டாருக்குப் போகிறான் என்பதெல்லாம் எனக்கு இப்போது முன்கூட்டியே தெரியும். மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் றஹ்மத் உம்மாவின் சீனி இறங்கியிருந்தது. டொக்டர் என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டாராம். "துடுப்பு" என்றாராம் இவர். அந்த டொக்டர் அதை மூலிகை என்று நினைத்து எழுதிக்கொண்டார் என்று ஹப்ஸா சொல்கிறாள். உண்மையா என்று தெரியாது.

ஹப்ஸா இப்போது கொழும்பில் உயர்தரம் படிக்கிறாள், அங்கே ஒரு குழுவில் சேர்ந்து வாவியிலும் வலிக்கிறாள். முதல் நாள் விழுந்தாயா என்று போனில் கேட்டேன். விழவில்லையாம். எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் கோபமும்.

போன வருடம் தேசியச் சங்கத்தார் என்னை உதவிச் செயலாளராகக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். பெரிய பதவி. சேவை மனப்பான்மையால் மறுத்தேன் என்று கந்தோரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வர என் முதுகு கேட்காது. வியாழக்கிழமைப் பின்னேரங்களை விடவும் மனமில்லை. இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்று நஜாத் நானா கேட்டார். முதுகு என்றேன். அவர் நம்பவில்லை.

அம்மாமாருக்குப் பயிற்சி கொடுப்பதில் எனக்கு ஒரு பிரச்சினை, நான் அதிகம் பேசுவேன். கால் முதலில், பிறகு முதுகு, அதற்குக் காரணம் இன்னது என்று தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. ஒரு நாள் றஹ்மத் உம்மா வலித்துக்கொண்டே, "மகள், கதையக் கொஞ்சம் கொறச்சிட்டு எண்ணுங்கொ" என்றார். அன்றிலிருந்து எண்ணுகிறேன்.

போன கிழமை ஆட்கள் குறைவு. நல்ல மழை. ஒரு மெஷின் சும்மா நின்றது. யாரும் பார்க்காத நேரம் ஏறிப் பார்த்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. நாலைந்து இழுவை நன்றாகத்தான் போனது. பிறகு முதுகு ஒரு சொடுக்குச் சொடுக்கியது. கைப்பிடி நழுவி, சங்கிலி படாரென்று போய் அடித்தது. குறிஞ்சிப்பிட்டியில் இருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்த ஒரு பெண் பக்கத்தில் நின்றாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஓடிவந்து என் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

"பயப்புடாதீங்க தங்கச்சி. புதுசா வாறவங்களுக்கு இப்புடித்தானாம். போகப் போகச் சரியாகும்" என்றாள்.

வாங்கில் இருந்த றஹ்மத் உம்மா பர்தாவின் நுனியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கினார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அவளுக்கு இடம் விட்டேன்.